14 கணினிக்கு ஒரே செக்ரோல்: எல்டாப் டைரக்டரியைப் புதிதாக அமைப்பவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு பொது மண்டபத்தில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்துகிறேன். 14 கணினிகள், எல்லாமே யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை, எல்லாவற்றிலும் லினக்ஸ். பிள்ளைகள் 60 பேர், பாதிப்பேரைச் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து அப்பாமார்கள் மோட்டாரில் கொண்டுவந்து விடுவார்கள். முதல் வருடம் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகக் கணக்கு உருவாக்கி வைத்திருந்தேன். போன வாரம் 3ஆம் எண்ணில் உட்கார்ந்த பிள்ளை இந்த வாரம் 9ஆம் எண்ணில் உட்கார்ந்தால் கடவுச்சொல் செல்லாது. ஒரு பிள்ளைக்குக் கடவுச்சொல் மாற்ற வேண்டுமென்றால் 14 முறை மாற்ற வேண்டும். 60 பேரை 14ஆல் பெருக்கினால் 840 கணக்குகள், பார்த்துக்கொள்ள நான் ஒருவன். அதற்கு மருந்தாகத்தான் டைரக்டரி சர்வீஸ் கற்றுக்கொண்டேன். பள்ளியிலோ சங்கத்திலோ கோயில் நூலகத்திலோ இதே நிலையில் இருப்பவர்கள் நான் பட்ட சிரமம் இல்லாமல் அமைத்துக்கொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறேன். (கோப்புகளை அடுக்கும் ஃபோல்டரையும் தமிழில் அடைவு என்கிறோம், இதையும் அடைவு என்கிறோம். குழப்பம் வேண்டாம், டைரக்டரி என்றே சொல்கிறேன்.)

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு டைரக்டரியைப் புரிய வைப்பது சுலபம். விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) கிராணி (தோட்டக் கணக்கர்) கையில் செக்ரோல் என்ற ஆள்பதிவுப் புத்தகம் இருக்கும். யார் எந்த டிவிஷன், எந்த வேலை, என்ன நம்பர் என்பதெல்லாம் அந்த ஒரே புத்தகத்தில். மண்டோர் (மேற்பார்வையாளர்) கேட்டாலும் சம்பளம் போடுகிறவர் கேட்டாலும் அரிசி கொடுக்கிற ஸ்டோர்காரர் கேட்டாலும் பதில் அங்கிருந்துதான் வரும், ஆளுக்கொரு பெயர்ப்பட்டியல் கிடையாது. டைரக்டரி சர்வீஸ் அதேதான்: ஆட்கள், குழுக்கள், கணினிகள் பற்றிய விவரம் ஓரிடத்தில் இருக்கும், மற்ற எல்லா மெஷினும் நிரலும் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளும். ஒரு நாளில் ஆயிரம் முறை படிக்கப்படும், ஒன்றிரண்டு முறைதான் எழுதப்படும். அதனால்தான் இதைப் படிப்பதற்கு வேகமாக வடிவமைத்திருக்கிறார்கள். வருகைப் பதிவு, கட்டணக் கணக்கு போன்ற தினமும் மாறுகிற விஷயங்களை இதற்குள் திணிக்காதீர்கள், அதற்குச் சாதாரண டேட்டாபேஸ் போதும்.

எல்டாப் (லைட்வெயிட் டைரக்டரி ஆக்சஸ் புரோட்டோகால்) என்பது அந்தப் புத்தகம் இல்லை, புத்தகத்திடம் கேள்வி கேட்கிற முறை. இந்த ஒரு வித்தியாசம் பிடிபடாமல் நான் பல நாள் சுற்றினேன். 1988இல் டைரக்டரிகளுக்கென்று எக்ஸ்.500 என்ற பெரிய தரநிலை வந்தது. அதை அணுக டாப் என்ற நெறிமுறை இருந்தது, ஆனால் அது ஓஎஸ்ஐ என்ற கனமான வலையமைப்பு அடுக்குகள் முழுவதையும் கேட்டது, அன்றைய மேசைக் கணினிகளுக்கு அது தாங்காத சுமை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் அதை இளைக்கச் செய்து, இணையத்தின் சாதாரண டிசிபி இணைப்பிலேயே ஓடும்படி மாற்றினார்கள். பெயரின் முதலில் இருக்கிற 'லைட்வெயிட்' அதனால் வந்தது. 1993இல் ஆர்எஃப்சி 1487 என்ற இணைய ஆவணமாக வெளியானது. நாம் இன்று பயன்படுத்துவது 1997இல் வந்த 3ஆம் பதிப்பு, அதை 2006இல் ஆர்எஃப்சி 4510 முதலான ஆவணங்களில் திருத்தி எழுதினார்கள். மிச்சிகன் நிரலிலிருந்து 1998இல் கிளைத்ததுதான் ஓப்பன்எல்டாப், நாம் நிறுவப்போகிற சர்வர் நிரல். மைக்ரோசாப்டின் ஆக்டிவ் டைரக்டரி விண்டோஸ் 2000உடன் வந்தது. இரண்டும் வேறு வேறு புத்தகம், கேள்வி கேட்கிற மொழி ஒன்று.

இங்கே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பவை விண்டோஸ் கணினிகள் என்றால் ஓப்பன்எல்டாப்பை மட்டும் வைத்து அவற்றில் உள்நுழைய முடியாது, சம்பா 4 என்ற நிரலைப் போட்டு ஆக்டிவ் டைரக்டரி மாதிரியான டொமைன் அமைக்க வேண்டும், அதிலும் விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேரவே சேராது. கீழே உள்ளதெல்லாம் லினக்ஸ் கணினிகளுக்கு.

முதல் வேலை: காகிதத்தில் மரம் வரையுங்கள்

சர்வரைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில் போதும். பிறகு மாற்றுவதற்கு மிகக் கஷ்டமானவை எல்லாம் இந்தத் தாளில்தான் முடிவாகின்றன.

டைரக்டரியில் ஒவ்வொரு பதிவுக்கும் முழு முகவரி ஒன்று உண்டு, டிஎன் என்பார்கள். கடித உறையில் முதலில் ஆளின் பெயர், பிறகு லயத்து வீட்டு எண், தோட்டம், ஊர், மாநிலம் என்று சின்னதிலிருந்து பெரியதற்குப் போவோமே, அதே வரிசை: யூஐடி=கவிதா07, ஓயூ=மக்கள், டிசி=வகுப்பு, டிசி=ஹோம், டிசி=ஆர்ப்பா. வலது ஓரம் வேர், இடது ஓரம் இலை. டிசி என்பது டொமைன் பெயரின் ஒவ்வொரு துண்டு, ஓயூ என்பது ஒரு பிரிவு, யூஐடி என்பது ஆளின் உள்நுழைவுப் பெயர்.

வேருக்கு உங்கள் சொந்த டொமைன் இருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால் 'லோக்கல்' என்று முடிகிற பெயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், நானும் முதலில் அதைத்தான் வைத்தேன். அந்த முடிவு மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (பெயர் சர்வர் இல்லாமல் கணினிகள் ஒன்றையொன்று தேடும் முறைக்கு) ஒதுக்கப்பட்டது, கணினிகள் சர்வரை வேறு வழியில் தேடிக்கொண்டு நிற்கும். சின்ன உள் வலையமைப்புகளுக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட 'ஹோம் டாட் ஆர்ப்பா' இருக்கிறது, அதன் முன்னால் உங்கள் இடத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிளைகள். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். படிவம் (இடைநிலைப் பள்ளி வகுப்பு) ஒன்றுக்கு ஓர் ஓயூ, படிவம் இரண்டுக்கு ஓர் ஓயூ, ஆசிரியர்களுக்கு ஒன்று என்று அழகாகப் பிரிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஜனவரியானால் பிள்ளை அடுத்த படிவத்துக்குப் போகும், அப்போது முகவரியே மாறிவிடும், அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிற குழுக்களும் நிரல்களும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ஆள் ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு மாறினால் செக்ரோல் நம்பர் மாறுமா? அந்த மாதிரி, எல்லா ஆட்களையும் 'மக்கள்' என்ற ஒரே ஓயூவில் வையுங்கள். 'குழுக்கள்' என்று இன்னொரு ஓயூ. யார் எந்தப் படிவம், யார் ஆசிரியர் என்பதைக் குழு சொல்லட்டும். 60 பேருக்கு மட்டுமில்லை, 6,000 பேருக்கும் இந்த அமைப்புத் தாங்கும்.

இரண்டாவது வேலை: நம்முடைய பெயர்கள்

எங்கள் மண்டபத்துக்கு ஓய்வுபெற்ற கிராணி ஐயா ஒருவர் பத்திரிகை படிக்க வருவார். நான் தாளில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்க டிவிஷன்ல மூணு முனியம்மா இருந்தாங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டா மூணு பேரும் கைய தூக்குவாங்க. அதுக்குத்தான் நம்பரு." டைரக்டரிக்கும் இதைவிட நல்ல ஆலோசனை கிடையாது. முழுப்பெயரை முகவரியாக வைக்காதீர்கள், யூஐடியை வையுங்கள். அது ஒருமுறை கொடுத்தால் அந்த ஆளுக்கே, அவர் போன பிறகும் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

மலேசிய அடையாள அட்டை எண்ணை யூஐடியாக வைத்தால் தனித்தன்மை தானாகக் கிடைக்குமே என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டவே வேண்டாம். அந்த 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம் (பேராக்கில் பிறந்தவர்களுக்கு 08), கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதிலிருந்து ஆணா பெண்ணா என்றும் தெரியும். உள்நுழைவுப் பெயர் திரையில் எல்லோர் கண்ணிலும் படுகிற விஷயம். ஒரு பிள்ளையின் பிறந்த தேதியை அங்கே ஒட்டி வைக்க நமக்கு உரிமை இல்லை. பெயரும் சேர்ந்த வருடமும், இல்லையென்றால் பெயரும் ஒரு வரிசை எண்ணும் போதும்.

அப்புறம் எஸ்என் பிரச்சினை. ஆட்களைச் சேர்க்க வழக்கமாகப் பயன்படும் வகை 'ஐநெட்ஆர்க்பர்சன்'. அது இரண்டு புலங்களைக் கட்டாயமாகக் கேட்கும்: சிஎன் என்ற பொதுப்பெயர், எஸ்என் என்ற குடும்பப்பெயர். நமக்கு ஏது குடும்பப்பெயர்? அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு அப்பா பெயர் இருக்கும், அவ்வளவுதான். எஸ்என்னை விட்டுவிட்டால் பிழை எண் 65 வரும், பதிவு ஏறாது. அப்பா பெயரை எஸ்என்னில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பிறகு ஏதாவது நிரல் எஸ்என்னை எடுத்து "வணக்கம், திரு. இன்னார்" என்று அப்பாவை வரவேற்கும். நான் பிள்ளையின் சொந்தப் பெயரையே எஸ்என்னிலும் போடுகிறேன், அட்டையில் உள்ள முழுப்பெயரைச் சிஎன்னில் அப்படியே வைக்கிறேன். ஏ/எல்லில் வரும் சாய்கோடு எல்டாப்புக்குத் தடையில்லை, ஆனால் அது முகவரியில் இருந்தால் சில கருவிகள் தடுமாறும். முகவரியில் யூஐடி மட்டும் இருப்பதால் நமக்கு அந்தக் கவலையும் இல்லை.

தமிழிலும் பெயர் வைக்கலாம். 3ஆம் பதிப்பு யூடிஎஃப்-8 எழுத்துகளை ஏற்கும், 'டிஸ்ப்ளேநேம்' புலத்தில் தமிழ்ப் பெயரைப் போட்டேன், திரையில் தன் பெயரைத் தமிழில் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நான் மறக்க மாட்டேன். கட்டளை வரியில் தேடினால் அந்தப் பெயர் இரண்டு முக்காற்புள்ளிகளுக்குப் பின்னால் புரியாத எழுத்துக் கூட்டமாகத் தெரியும். தரவு கெட்டுவிடவில்லை, அது பேஸ்64 என்ற குறியாக்க வடிவம். இதில் ஒரு துப்பறியும் வேலையும் நடக்கும்: ரோமன் எழுத்துப் பெயருக்கும் இரட்டை முக்காற்புள்ளி வந்தால், பெரும்பாலும் பெயரின் கடைசியில் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருக்கும்.

மூன்றாவது வேலை: நிறுவுவது

இது சின்ன வேலை. டெபியனிலோ உபுண்டுவிலோ 'ஸ்லாப்டி' (ஓப்பன்எல்டாப் சர்வர்), 'எல்டாப்-யூட்டில்ஸ்' (அதனிடம் பேசும் கட்டளைகள்) என்ற இரண்டு தொகுப்புகளை நிறுவுங்கள், பிறகு ஸ்லாப்டியை மறுகட்டமைக்கும் கட்டளையைக் கொடுத்தால் டொமைன் பெயரும் நிர்வாகி கடவுச்சொல்லும் கேட்கும், தாளில் எழுதியதைக் கொடுங்கள். பழைய வழிகாட்டிகள் ஒரு கட்டமைப்புக் கோப்பைத் திறந்து கையால் மாற்றச் சொல்லும். இப்போதைய முறையில் கட்டமைப்பும் டைரக்டரிக்குள்ளேயே இருக்கிறது, எல்டாப் கட்டளைகளால்தான் மாற்ற வேண்டும், அந்தக் கோப்புகளில் கை வைக்காதீர்கள்.

நான்காவது வேலை: ஆட்களை ஏற்றுவது

எல்டிஃப் என்ற எளிய உரைக்கோப்பில் எழுதி 'எல்டாப்ஆட்' கட்டளையால் ஏற்றலாம். முதல் வரி டிஎன், அதன் கீழே வகைகள், அதன் கீழே புலமும் மதிப்பும் வரிக்கு ஒன்றாக. ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வெற்று வரி. வரியின் தொடக்கத்தில் இடைவெளி விழுந்தால் அது மேல்வரியின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும், வேறு எங்கிருந்தாவது வெட்டி ஒட்டும்போது இதைக் கவனியுங்கள்.

லினக்ஸில் உள்நுழைய 'போசிக்ஸ்அக்கவுண்ட்' என்ற வகையையும் சேர்க்க வேண்டும். அது யூஐடி எண் (மேலே சொன்ன யூஐடி பெயர் வேறு, இது லினக்ஸ் ஆளை அடையாளம் காணும் எண்), ஜிஐடி எண் (குழுவின் எண்), வீட்டுக் கோப்புறை மூன்றையும் கேட்கும். யூஐடி எண்ணை 10000இலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு கணினியிலும் உள்ளூர்க் கணக்குகள் 1000இலிருந்து ஓடும், இரண்டும் மோதினால் ஒரு பிள்ளையின் கோப்பு இன்னொரு பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும். 'குரூப்ஆஃப்நேம்ஸ்' வகையில் குழு உருவாக்கினால் குறைந்தது ஓர் உறுப்பினராவது இருக்க வேண்டும், காலிக் குழுவை ஏற்காது.

60 பேரையும் ஒரே நாளில் ஏற்ற அவசரப்படாதீர்கள். இரண்டு பேரை ஏற்றி, உள்நுழைய வைத்து, கடவுச்சொல் மாற்றிப் பார்த்து, நீக்கிப் பார்த்து, அதன் பிறகு மற்றவர்கள்.

ஐந்தாவது வேலை: கேள்வி கேட்கப் பழகுவது

'எல்டாப்சர்ச்' கட்டளைக்கு நான்கு விஷயம் தெரிய வேண்டும்: எந்த சர்வர், நான் யார், மரத்தில் எந்தக் கிளையிலிருந்து, என்ன நிபந்தனை. கிளையிலிருந்து எவ்வளவு ஆழம் என்பதும் உண்டு: அந்தப் பதிவு மட்டுமா, ஒரு படி கீழேயா, அடிமட்டம் வரையா. நிபந்தனை எழுதும் விதம்தான் முதலில் விசித்திரமாக இருக்கும். 'மற்றும்' என்பதற்கான குறி நடுவில் வராது, முதலிலேயே வரும்: (&(யூஐடி=கவிதா*)(எஸ்என்=கவிதா)). "இவை இரண்டும் பொருந்த வேண்டும்: இது, இது" என்று வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். 'அல்லது' என்பதற்கு நிமிர்ந்த கோடு, 'இல்லை' என்பதற்கு ஆச்சரியக்குறி. நீங்களே நிரல் எழுதினால், பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே இந்த நிபந்தனைக்குள் ஒட்டாதீர்கள். ஒரு நட்சத்திரக்குறியைத் தட்டினால் எல்லோரும் பொருந்திவிடுவார்கள்.

ஆறாவது வேலை: பைண்டும் பூட்டும்

'நான் யார்' என்று சர்வரிடம் சொல்வதற்குப் பெயர் பைண்ட். சாதாரண பைண்டில் கடவுச்சொல் அப்படியே வெறுமையாகக் கம்பி வழியே போகும், அதே வலையமைப்பில் ஒட்டுக்கேட்கத் தெரிந்த ஒரு பையன் இருந்தால் போதும். எனவே டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பூட்டு கட்டாயம். வழக்கமான 389ஆம் போர்ட்டில் இணைந்தபின் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று கேட்டுப் பூட்டிக்கொள்வது ஒரு வழி, 636இல் தொடக்கத்திலேயே பூட்டோடு பேசுவது இன்னொரு வழி, எது வேண்டுமானாலும் வையுங்கள். இந்தப் பூட்டுக்காகச் சர்வரில் வைக்கும் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயரால்தான் கணினிகள் சர்வரைக் கூப்பிட வேண்டும், ஐபி எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்கும். கணினியின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். எங்கள் பழைய மெஷின் ஒன்றில் பேட்டரி செத்து, தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது, சான்றிதழ் 'இன்னும் தொடங்கவில்லை' என்று நிராகரிக்கப்பட்டதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின.

முக்கியமான ஓட்டை ஒன்று: பெயர் கொடுத்துக் கடவுச்சொல்லைக் காலியாக விட்டு பைண்ட் செய்தால் சில சர்வர்கள் அதை அநாமதேய பைண்டாக எடுத்துக்கொண்டு 'வெற்றி' என்று பதில் சொல்லும். ஓப்பன்எல்டாப் இயல்பாகவே இதை மறுக்கிறது. ஆனாலும் எல்டாப்பை நம்பி உள்நுழைவு எழுதுகிற எந்த நிரலும் காலிக் கடவுச்சொல்லைத் தானே முதலில் தள்ளிவிட வேண்டும்.

யார் எதைப் பார்க்கலாம் என்ற விதிகளை உடனே பாருங்கள். டெபியனில் நிறுவியதும் கடவுச்சொல் புலம் மறைந்திருக்கும், மற்ற புலங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெற்றோரின் கைப்பேசி எண்ணை அங்கே போட்டிருந்தால் அதுவும்தான். உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் படிக்கும் உரிமை என்று மாற்றுங்கள், தேவையில்லாத விவரத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள். கடவுச்சொல் விதியில் 'அநாமதேயருக்கு ஆத்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து நீக்கிவிடாதீர்கள். பைண்ட் முடிகிற வரை எல்லோரும் அநாமதேயர்தானே, ஒப்பிட்டுப் பார்க்கும் அனுமதி மட்டும் அவர்களுக்கு இருந்தால்தான் யாராலும் உள்ளே வர முடியும். விதிகள் மேலிருந்து கீழே பார்க்கப்படும், முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும், ஆகவே குறுகிய விதி மேலே, பொதுவானது கீழே.

ஏழாவது வேலை: 14 கணினிகளையும் சேர்ப்பது

ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எஸ்டி (உள்நுழைவின்போது டைரக்டரியிடம் கேட்கும் நிரல்) நிறுவி, சர்வர் பெயரையும் மரத்தின் வேரையும் கொடுங்கள். அதன் கட்டமைப்புக் கோப்பு ரூட்டுக்கு (முதன்மை நிர்வாகிக்கு) சொந்தமாக, அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும், எல்லோரும் படிக்கும்படி இருந்தால் தொடங்க மறுக்கும். பூட்டில்லாத இணைப்பில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கவும் மறுக்கும், அது நல்லதுதான்.

கடவுச்சொல்லைக் கணினியில் நினைவில் வைக்கும் வசதியை இயக்குங்கள், அது இயல்பாக அணைந்திருக்கும். எங்கள் பக்கம் சாயங்காலம் மழை இறங்கினால் மின்னலும் சேர்ந்துதான் இறங்கும், சர்வர் அணைந்தாலும் முன்பு அந்தக் கணினியில் நுழைந்தவர்கள் தொடர்ந்து நுழைய முடியும். இணையம் போனால் கவலையே இல்லை, எல்லாம் மண்டபத்துக்குள் நடப்பது. அப்புறம், ஒவ்வொரு கணினியிலும் டைரக்டரியைச் சாராத ஓர் உள்ளூர் நிர்வாகிக் கணக்கைக் கட்டாயம் விட்டு வையுங்கள்.

பிள்ளைகளின் கோப்புகள் கணினிக்குக் கணினி கூடவே வராது. பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும்தான் டைரக்டரி தரும், கோப்புகளுக்கு என்எஃப்எஸ் போன்ற வலையமைப்புக் கோப்புப் பகிர்வு தனியாக வேண்டும்.

எதுவும் வேலை செய்யாதபோது எண்ணைப் பாருங்கள். 49 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, டிஎன்னைத் தவறாக எழுதியிருந்தாலும் இதுதான் வரும். 32 என்றால் அப்படி ஒரு கிளையே இல்லை, வேரில் எழுத்துப்பிழை இருக்கலாம். 50 அனுமதி போதவில்லை. 68 ஏற்கனவே இருக்கிறது. 34 டிஎன் எழுதிய விதம் தவறு.

கடைசி வேலை: படி எடுத்து வைப்பது

'ஸ்லாப்கேட்' கட்டளை முழு டைரக்டரியையும் எல்டிஃப் கோப்பாக எழுதித் தரும். தரவு எண் 1, கட்டமைப்பு எண் 0, இரண்டையும் எடுங்கள், தரவை மட்டும் எடுத்தால் அனுமதி விதிகளை எல்லாம் மறுபடி எழுத வேண்டி வரும். கடவுச்சொற்களின் ஹாஷும் (உருமாற்றிச் சேமித்த வடிவமும்) அதில் இருக்கிறது, ஆகவே பூட்டி வைக்க வேண்டிய கோப்பு. மீட்கும்போது ஸ்லாப்டியை நிறுத்திவிட்டு 'ஸ்லாப்ஆட்' கொடுங்கள், பிறகு கோப்புகளின் உரிமையை 'ஓப்பன்எல்டாப்' பயனருக்கு மாற்றுங்கள். ரூட்டாக ஏற்றிவிட்டு இதை மறந்தால் சர்வர் எழுந்திருக்காது. நான் பள்ளி விடுமுறை தோறும் ஒரு பழைய மடிக்கணினியில் புதிதாக ஸ்லாப்டி நிறுவி, படியை ஏற்றி, ஏதாவது ஒரு பிள்ளையின் பெயரைத் தேடிப் பார்க்கிறேன். வந்தால் பெண்டிரைவில் அன்றைய தேதியை எழுதி ஒட்டுகிறேன், ஒன்று மண்டபத்து அலமாரியில், இன்னொன்று என் வீட்டில்.